தண்ணீர் ஃபில்டர் வாக்குவம் கிளீனர்: முதல்முறை பயன்படுத்துபவர்களுக்கு

தண்ணீர் ஃபில்டர் உள்ள வாக்குவம் கிளீனரைப் புதிதாக வாங்குகிறவர்கள் பெரும்பாலும் எந்த பிரஷ்ஷை எங்கே மாட்டுவது என்றுதான் கேட்கிறார்கள். அது ஒரே நாளில் கைக்குப் பழகிவிடும். கவனம் போக வேண்டிய இடம் தூசியைப் பிடிக்கும் தண்ணீர்த் தொட்டி. வேலைக்கு முன் அதில் எவ்வளவு ஊற்றுகிறோம், முடிந்ததும் எவ்வளவு சீக்கிரம் கொட்டுகிறோம் என்பதில்தான் இந்த மெஷினின் ஆயுளே இருக்கிறது.

இது ஏன் வந்தது?

1901-ல் இங்கிலாந்தில் ஹியூபர்ட் செசில் பூத், தூசியை ஊதித் தள்ளுவதற்குப் பதிலாக உறிஞ்சி எடுக்கும் இயந்திரத்தைச் செய்தார். குதிரைகள் இழுத்துவரும் வண்டியில் அதைத் தெருவில் நிறுத்தி, நீண்ட குழாய்களை ஜன்னல் வழியாக உள்ளே விடுவார்கள். 1908-ல் அமெரிக்காவில் ஜேம்ஸ் மர்ரே ஸ்பாங்க்லர் கையால் தள்ளும் சிறிய மெஷினுக்குக் காப்புரிமை பெற்றார். ஹூவர் நிறுவனத்தின் பெயரில் உலகமெல்லாம் பரவியது அதுதான்.

அதில் தூசியைப் பிடித்தது துணிப்பை. பையின் துளைகள் அடைய அடைய உறிஞ்சும் வேகம் குறையும். நுண்ணிய தூசியோ துணி வழியாகவே அறைக்குத் திரும்பிவிடும். இதற்கு மாற்றாகத்தான் 1930-களில் அமெரிக்காவின் ரெக்ஸேர் நிறுவனம் பைக்குப் பதில் தண்ணீரை வைத்தது. அதன் ரெயின்போ மாடல் 1950-களில் வந்தது. பின்னாளில் ஜெர்மனியின் கார்ச்சர், தாமஸ் போன்ற நிறுவனங்களும் இந்த வகையைச் செய்தன.

தொட்டிக்குள் நடப்பது

உறிஞ்சிய காற்று தண்ணீருக்குள் பாய்கிறது. மண், முடி, நூல், துகள் எல்லாம் நனைந்து அங்கேயே தங்குகின்றன. தண்ணீரில் அடைபடத் துளைகள் இல்லை, அதனால் தொட்டி அழுக்கானாலும் உறிஞ்சும் வேகம் அவ்வளவாகக் குறைவதில்லை. எனக்கு இதில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

ஆனால் தண்ணீர் எல்லாத் தூசியையும் பிடித்துவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். காற்று குமிழிகளாகத்தான் மேலே வருகிறது. குமிழியின் நடுவில் இருக்கும் நுண்துகள் தண்ணீரைத் தொடாமலே வெளியேறிவிடும். அதனால் சில மாடல்களில் வேகமாகச் சுழலும் செப்பரேட்டர் இருக்கிறது. அது நீர்த்துளிகளையும் அவற்றோடு ஒட்டிய தூசியையும் மீண்டும் தொட்டிக்கே வீசுகிறது. அதையும் தாண்டுவதைப் பிடிக்க ஹெப்பா ஃபில்டர் தேவை. 0.3 மைக்ரான் அளவுத் துகள்களில் 99.97 சதவீதத்தைப் பிடிப்பதுதான் அமெரிக்க அளவுகோலின்படி ஹெப்பா. வீட்டில் தூசி அலர்ஜி உள்ளவர்கள் இருந்தால், ஹெப்பா இல்லாத மாடலை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

படி 1: தண்ணீர் ஊற்றுங்கள்

சுத்தமான குளிர்ந்த தண்ணீரைத் தொட்டியில் உள்ள கோடு வரை மட்டும் ஊற்றுங்கள். குறைந்தால் தூசி தப்பிக்கும், கூடினால் மோட்டார் பக்கம் தண்ணீர் ஏறும். வாசனைக்காக சோப்போ ஷாம்பூவோ சேர்க்காதீர்கள்.

படி 2: பூட்டிப் பாருங்கள்

தொட்டியின் கொக்கிகள் இருபுறமும் சரியாக விழுந்தனவா என்று பார்த்த பிறகே பிளக்கைச் செருகுங்கள்.

படி 3: உறிஞ்சுங்கள்

மேலிருந்து கீழே வாருங்கள்: முதலில் திரைச்சீலை, பிறகு சோபா, கடைசியில் தரை. பிரஷ்ஷை மெதுவாக இழுங்கள். கார்பெட்டில் அவசரப்பட்டால் அடியில் உள்ள மண் அப்படியே கிடக்கும். மெஷினைச் சாய்க்கவோ, தண்ணீரோடு படியில் தூக்கிச் செல்லவோ வேண்டாம்.

சிமென்ட், ஜிப்சம் தூள்களை இதில் இழுக்கவே கூடாது. தண்ணீர் பட்டதும் இறுகி, தொட்டியிலும் குழாயிலும் கல்லாக ஒட்டிக்கொள்ளும். மாவு கொட்டியிருந்தால் முதலில் துடைப்பத்தால் அள்ளிவிட்டு மிச்சத்துக்கு மட்டும் மெஷினைப் பயன்படுத்துங்கள். ஈரத்தை உறிஞ்சலாமா என்பதற்கு உங்கள் மாடலின் கையேட்டைப் பாருங்கள். எல்லா மாடல்களும் அதற்கானவை அல்ல.

படி 4: நுரையைக் கவனியுங்கள்

புதியவர்கள் அதிகம் தடுமாறுவது இங்கேதான். ஷாம்பூ போட்டுக் கழுவிய கார்பெட்டில் சோப்பு மிச்சம் இருக்கும். அது தொட்டிக்கு வந்ததும் காற்று அதை அடித்து நுரையாக்கும். நுரை மேலே ஏறினால் ஹெப்பா நனையும், மோட்டாருக்கும் ஆபத்து. சத்தம் திடீரென்று மாறினாலோ, காற்று வெளிவரும் இடத்தில் ஈரத்துளி தெரிந்தாலோ உடனே நிறுத்துங்கள். தண்ணீரை மாற்றி, நுரை அடக்கும் திரவத்தைக் கையேட்டில் சொன்ன அளவில் சேர்த்துவிட்டுத் தொடருங்கள்.

தண்ணீர் குழம்பாகத் திரண்டிருந்தால் வேலை பாதியில் இருந்தாலும் மாற்றிவிடுங்கள்.

படி 5: உடனே கொட்டுங்கள்

பிளக்கைக் கழற்றிவிட்டுத் தொட்டியை எடுங்கள். மேலே முடியும் நூலும் மிதக்கும், அடியில் சாம்பல் நிறச் சேறு படிந்திருக்கும். முடியை முதலில் வடிகட்டிக் குப்பையில் போடுங்கள், இல்லாவிட்டால் வடிகால் அடைக்கும். மீதியைக் கழிப்பறையில் ஊற்றுங்கள். நாளைக்குப் பார்க்கலாம் என்று விட்டால் அந்தத் தண்ணீர் நாறும், பூஞ்சை பிடிக்கும். அடுத்த முறை சுவிட்ச் போட்டதும் அந்த வாடைதான் அறை முழுக்க வீசும்.

படி 6: காய வையுங்கள்

தொட்டி, மூடி, செப்பரேட்டர் எல்லாவற்றையும் அலசித் திறந்தபடியே காய விடுங்கள். குழாயின் உட்புறமும் ஈரமாக இருக்கும். அதைச் சுருட்டி வைக்காமல் தொங்கவிடுங்கள். ஹெப்பாவைக் கழுவலாம் என்று கையேடு சொன்னால் மட்டும் கழுவுங்கள். கழுவினால், முழுதாகக் காய்ந்த பிறகே திரும்ப மாட்டுங்கள்.