சி பக்கத்திலிருந்து பைத்தான் பைட்ஸ்: நீளம் எங்கே, உரிமை யாருக்கு?

சீரியல் போர்ட்டில் பேசும் சின்னக் கருவிகளுக்கு பாக்கெட் கட்டி அனுப்புவதுதான் நான் பராமரிக்கும் மாட்யூலின் வேலை. பைத்தானிலேயே எழுதினாலும் ஓடும். ஆனால் வருகிற டேட்டாவை ஒவ்வொரு பைட்டாகத் தொட்டுப் பார்த்தே ஆகவேண்டிய லூப் அது. அதனால் அந்த ஒரு ஃபங்ஷனை மட்டும் சி-க்கு இறக்கிவிட்டேன். பைட்ஸ் (பைத்தானின் மாறாத பைட் வரிசை) ஆப்ஜெக்டை வாங்குவது, புதிதாக உருவாக்குவது, திருப்பிக் கொடுப்பது மூன்றுமே அதற்குள் வந்துவிடுவதால் அதையே இங்கே உதாரணமாக வைத்துக்கொள்கிறேன்.

ஃபங்ஷன் பெயர்களைக் காதில் விழுகிறபடி எழுதியிருக்கிறேன். 'பைபைட்ஸ்_' என்று தொடங்கும் பெயர்கள் எல்லாம் பைத்தானின் அதிகாரப்பூர்வ ஆவணத்தில் ஒரே பக்கத்தில் இருக்கின்றன, தேடக் கஷ்டப்பட மாட்டீர்கள்.

நான் பயன்படுத்துவது ஸ்லிப் என்ற பழைய முறை. 1988-இல் வந்த ஆர்எஃப்சி 1055 என்ற இணைய நெறிமுறை ஆவணத்தில் எழுதிவைக்கப்பட்டது. 192 என்ற பைட் பாக்கெட்டின் எல்லை. டேட்டாவுக்குள்ளேயே 192 வந்துவிட்டால் அதற்குப் பதிலாக 219, 220 என இரண்டு பைட் போக வேண்டும், இதைத்தான் எஸ்கேப் என்கிறேன். 219 வந்தால் 219, 221. மற்றவை அப்படியே போகும். இரண்டு முனையிலும் ஒரு 192 வைப்பேன். ஆக, வெளியே போவது உள்ளே வந்ததன் இரண்டு மடங்கோடு 2 பைட்டைத் தாண்டவே தாண்டாது. இந்தக் கணக்கு பின்னால் தேவைப்படும்.

முதலில் பைட்ஸ் ஆப்ஜெக்ட் மெமரியில் எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று பார்த்துவிடுவோம். 64-பிட் சிபைத்தானில் (சி-யில் எழுதப்பட்ட வழக்கமான பைத்தான்) வெற்று பைட்ஸின் அளவை சிஸ்.கெட்சைஸ்ஆஃப் கொண்டு கேட்டால் 33 என்று வரும். ரெஃபரன்ஸ் கவுண்டுக்கு (ஆப்ஜெக்டை எத்தனை இடங்களில் பிடித்திருக்கிறார்கள் என்ற எண்ணிக்கை) 8, டைப் பாயிண்டருக்கு 8, நீளத்துக்கு 8, ஹாஷுக்கு (டிக்‌ஷனரியில் தேட உதவும் எண்) 8. மிச்சமிருக்கும் அந்த ஒரு பைட், கடைசியில் எப்போதும் வைக்கப்படும் பூஜ்யம். டேட்டா தனியாக வேறெங்கும் இல்லை, இந்தத் தலைப்பகுதிக்குப் பின்னாலேயே ஒட்டிக்கொண்டு வருகிறது.

அந்தக் கடைசிப் பூஜ்யத்தைப் பார்த்து ஏமாறாதீர்கள். பழைய சி ஃபங்ஷன்களுக்கு அப்படியே தூக்கிக் கொடுக்க அது வசதி, அவ்வளவுதான். நீளத்தைச் சொல்வது அதுவல்ல. டேட்டாவின் நடுவிலும் பூஜ்யம் வரலாம், பாக்கெட்டுகளில் வந்துகொண்டேதான் இருக்கும். எஸ்டிஆர்லென் போட்டு நீளம் பார்த்தால் முதல் பூஜ்யத்தோடு பாக்கெட் நின்றுவிடும், எந்தப் பிழைச் செய்தியும் வராது. பைபைட்ஸ்_ஃப்ரம்ஸ்ட்ரிங் என்பதும் உள்ளே எஸ்டிஆர்லென்னைத்தான் அழைக்கிறது. மாறாத வாசகங்களுக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள். கருவியிலிருந்து வருகிற எதற்கும் பாயிண்டரையும் நீளத்தையும் சேர்த்தே வாங்கும் பைபைட்ஸ்_ஃப்ரம்ஸ்ட்ரிங்அண்ட்சைஸ்தான் சரி.

இப்போது உள்ளே வாங்குவது. வருகிற ஆர்க்யுமெண்டுகளை சி மாறிகளாகப் பிரித்துத் தரும் பைஆர்க்_பார்ஸ்டூப்பிளுக்குக் கொடுக்கும் ஃபார்மட் எழுத்தில்தான் பாதி விஷயம் முடிவாகிவிடுகிறது. வெறும் 'ஒய்' போட்டால் ஒரு கேரக்டர் பாயிண்டர் மட்டும் கிடைக்கும். நடுவில் பூஜ்யம் இருந்தால் வேல்யூஎரர். 'ஒய்#' நீளத்தையும் சேர்த்துத் தரும், ஆனால் பைட்அர்ரே போன்ற மாற்றத்தக்கவற்றை ஏற்காது. 'எஸ்' (பெரிய எழுத்து) போட்டால் பைட்ஸ் ஆப்ஜெக்ட் அப்படியே வரும், வேறு எதையும் உள்ளே விடாது. 'ஒய்*' ஒரு பை_பஃபர் அமைப்பை நிரப்பித் தரும். பைட்ஸ், பைட்அர்ரே, மெமரிவியூ எல்லாவற்றையும் ஏற்கும்.

'ஒய்#' பக்கம் போகிறவர்களுக்கு ஒன்று: பைத்தான்.எச் ஹெடரைச் சேர்ப்பதற்கு முன்பே பை_எஸ்சைஸ்_டி_கிளீன் மேக்ரோவை டிஃபைன் செய்துவிடுங்கள். 3.9 வரை அது இல்லாவிட்டால் நீளம் இன்ட்டாக வரும். 3.10 முதல் 3.12 வரை அது கட்டாயம். 3.13-இல் அந்தத் தொல்லை ஒழிந்தது.

நான் 'ஒய்*'-ஐத்தான் எடுத்தேன். அழைப்பவர் பைட்அர்ரேயில் டேட்டா சேர்த்துவைத்திருந்தால், எனக்காக அதை பைட்ஸாக நகலெடுக்கச் சொல்வதில் அர்த்தமில்லை. அதற்கு விலையும் உண்டு. வெற்றியோ தோல்வியோ, ஃபங்ஷனை விட்டு வெளியேறும் எல்லா வழியிலும் பைபஃபர்_ரிலீஸ் அழைத்தாக வேண்டும். மறந்தால் பைட்ஸ் லீக் ஆகும். பைட்அர்ரே என்றால் இன்னும் வேடிக்கை: அதன் நீளத்தை இனி மாற்றவே முடியாது, அழைத்தவர் அப்பெண்ட் செய்யப் போகும்போது பஃபர்எரர் விழும், அவரும் தன் கோடில்தான் பிழை தேடிக்கொண்டிருப்பார். வெளியேறும் வழிகளையெல்லாம் சி-யின் 'கோட்டு' (லேபிளுக்குத் தாவும் கட்டளை) மூலம் ஒரே லேபிளுக்குக் கொண்டுவந்து அங்கே ரிலீஸ் செய்வது என் பழக்கம். கோட்டு கூடாது என்று பாடம் நடத்துபவர்கள் ஒரு எக்ஸ்டென்ஷன் எழுதிப் பார்க்கட்டும்.

ஏற்கெனவே கையில் பைட்ஸ் இருக்கிறது, உள்ளே பார்க்க வேண்டும் என்றால் பைபைட்ஸ்_ஆஸ்ஸ்ட்ரிங்அண்ட்சைஸ். நீளத்துக்கான இடத்தில் நல் (எதையும் சுட்டாத வெற்றுப் பாயிண்டர்) கொடுத்தால், நடுவில் பூஜ்யம் இருக்கும் பைட்ஸை அது வேல்யூஎரர் சொல்லித் திருப்பிவிடும். ஃபைல் பெயர் மாதிரி விஷயங்களுக்கு அது நல்ல காவல். பெரிய எழுத்து மேக்ரோ வடிவங்களான ஆஸ்_ஸ்ட்ரிங், கெட்_சைஸ் இரண்டும் வந்தது பைட்ஸ்தானா என்று சோதித்துப் பிழை சொல்லாது. ஆகவே பைபைட்ஸ்_செக் முடிந்த பிறகு மட்டும். இவற்றில் எந்த வழியில் பாயிண்டர் வந்தாலும் அது ஆப்ஜெக்டின் வயிற்றுக்குள் இருக்கும் இடம். அதை ஃப்ரீ செய்யக்கூடாது, ஆப்ஜெக்ட் போன பிறகு தொடவும் கூடாது.

லூப்புக்குள் ஒரு கண்ணி இருக்கிறது, அதைக் கிட்டத்தில் பார்க்க வேண்டும். பைட்ஸ் ஏபிஐ தருவது 'கேர்' பாயிண்டர். 'கேர்' குறியுள்ளதா குறியற்றதா என்பதை சி மொழி கம்பைலரிடம் விட்டுவிட்டது. எக்ஸ்86-இல் வழக்கமாகக் குறியுள்ளது, ஆர்ம் லினக்ஸில் குறியற்றது. இப்போது 'இந்த பைட் 192-ஆ?' என்று கேட்கிறோம். எக்ஸ்86-இல் அதே பைட் இன்ட்டாக விரியும்போது -64 ஆகிவிடும். -64 எப்படி 192-க்குச் சமமாகும்? நிபந்தனை ஒருநாளும் உண்மையாகாது. எல்லை பைட் எஸ்கேப் ஆகாமலே போய் மறுமுனையில் பாக்கெட் பாதியில் வெட்டுப்படும். ஆர்ம் போர்டில் சோதித்தால் எல்லாம் ஒழுங்காக ஓடும், அதுதான் வம்பு. வாங்கியதும் அன்சைன்ட் கேர் பாயிண்டராக மாற்றிவிட்டு, அதற்குப் பிறகு மட்டுமே லூப்புக்குள் போங்கள்.

வெளியே போகும் பைட்ஸை உருவாக்க இரண்டு வழி. முதல் பாஸில் எஸ்கேப் ஆக வேண்டியவற்றை எண்ணி, சரியான நீளத்துக்கு ஒதுக்கி, இரண்டாம் பாஸில் எழுதுவது ஒன்று. அதிகபட்ச நீளத்துக்கு ஒதுக்கி, எழுதி முடித்ததும் சுருக்குவது இன்னொன்று. முதல் வழி பார்க்க அழகு. ஆனால் பைட்அர்ரேயையும் ஏற்கும் ஃபங்ஷனில் ஜிஐஎல்-ஐ (ஒரு நேரத்தில் ஒரு த்ரெட் மட்டும் பைத்தானை ஓட்டவிடும் பூட்டு) விட்டுவிட்டு இதைச் செய்தால் ஆபத்து. பஃபர் நம் கையில் இருக்கும்வரை பைட்அர்ரேயின் நீளம் மாறாது, உண்மைதான். உள்ளடக்கம் மாறலாம். இரண்டு பாஸுக்கும் நடுவில் இன்னொரு த்ரெட் சாதாரண பைட்டுகளை 192 ஆக்கிவிட்டால், எண்ணியதைவிட அதிகம் எழுதுவோம், ஒதுக்கிய இடத்தைத் தாண்டிப் போவோம். அதிகபட்சத்துக்கு ஒதுக்கியிருந்தால், ஒவ்வொரு பைட்டையும் ஒரே ஒருமுறை உள்ளூர் மாறியில் படித்து அதை வைத்தே முடிவெடுக்கும்வரை, அது நடக்க வாய்ப்பே இல்லை. பாக்கெட்டில் குப்பை வரலாம், மெமரி கெடாது. அதனால் நான் இரண்டாவது வழிக்காரன்.

ஒதுக்கும் முன் ஒரு கணக்கு: நீளம் பை_எஸ்சைஸ்_டி, குறியுள்ள எண். இரண்டால் பெருக்கி 2 கூட்டினால் வழிந்துவிடுமா என்று பெருக்குவதற்கு முன்பே பாருங்கள். அதாவது அந்த வகையின் உச்ச எண்ணிலிருந்து 2 கழித்து, பாதியாக்கி, அதைவிட நீளம் பெரிது என்றால் பைஎரர்_நோமெமரி.

பிறகு ஃப்ரம்ஸ்ட்ரிங்அண்ட்சைஸுக்கு முதல் ஆர்க்யுமெண்டாக நல், இரண்டாவதாக அந்த அதிகபட்ச நீளம். நல் கொடுத்தால் உள்ளடக்கம் நிரப்பப்படாத, இடம் மட்டும் இருக்கிற பைட்ஸ் கிடைக்கும். பைட்ஸ் மாறாத ஆப்ஜெக்ட் ஆயிற்றே, எழுதலாமா? எழுதலாம், இந்த இடைவெளியில் மட்டும். ரெஃபரன்ஸ் ஒன்றே ஒன்று, அதுவும் நம்மிடம், வேறு எந்தக் கோடும் அதைப் பார்க்கவில்லை என்கிறவரை. லிஸ்ட்டில் போட்டாலோ, டிக்‌ஷனரிக்குச் சாவியாகக் கொடுத்தாலோ, கால்பேக்குக்கு அனுப்பினாலோ அந்த உரிமை போயிற்று. தலைப்பகுதியில் ஹாஷுக்கு 8 பைட் இருந்ததல்லவா? முதல்முறை கணக்கிட்டதும் அது அங்கேயே சேமிக்கப்படும். அதற்குப் பிறகு நீங்கள் ஒரு பைட்டை மாற்றினாலும் ஹாஷ் பழையபடியே இருக்கும். டிக்‌ஷனரியில் அதே உள்ளடக்கம் உள்ள வேறொரு பைட்ஸைக் கொண்டு தேடினால் கிடைக்காது.

நல் கொடுக்காமல் டேட்டாவோடு உருவாக்கியதில் எழுதவே கூடாது. சிபைத்தான் ஒற்றை பைட் ஆப்ஜெக்டுகளையும் வெற்று பைட்ஸையும் முன்கூட்டியே வைத்திருக்கிறது. ஒரே ஒரு பைட் கொடுத்து உருவாக்கச் சொன்னால் புதிதாக ஒன்றும் வராது, பொதுவாக வைத்திருப்பதுதான் வரும். அதில் எழுதினால் அந்த ப்ராசஸ் முழுக்க அந்த ஒற்றை பைட்டின் மதிப்பே மாறிவிடும். சம்பந்தமே இல்லாத லைப்ரரி எங்கோ உளறத் தொடங்கும்.

எழுதி முடித்ததும் _பைபைட்ஸ்_ரீசைஸ். பெயரின் முன்னால் கீழ்க்கோடு இருந்தாலும் ஆவணத்தில் இருக்கிற ஃபங்ஷன்தான், கூச்சப்பட வேண்டாம். ஆப்ஜெக்டை அல்ல, ஆப்ஜெக்ட் பாயிண்டரின் முகவரியைக் கொடுக்க வேண்டும், ஏனென்றால் சுருக்கும்போதும் மெமரி இடம் மாறலாம். மாறிய பிறகு பழைய டேட்டா பாயிண்டர் செத்தது. ஆகவே எழுதிய நீளத்தை எழுதும் பாயிண்டரிலிருந்து கழித்துக் கணக்கிடுவதாக இருந்தால் ரீசைஸுக்கு முன்பே முடித்துக்கொள்ளுங்கள். தோற்றால் பழைய ஆப்ஜெக்டை அதுவே விடுவித்து உங்கள் பாயிண்டரை நல் ஆக்கிவிடும். இங்கே போய் பை_டெக்ரெஃப் (ரெஃபரன்ஸை விடுவது) போட்டால் நல்லின் மேல் விழும். என் கோட்டு லேபிளில், நல் என்றால் சும்மா விட்டுவிடும் பை_எக்ஸ்டெக்ரெஃப் இருப்பது இதற்காகத்தான். ரெஃபரன்ஸ் ஒன்றுக்கு மேல் இருக்கும் ஆப்ஜெக்டைக் கொடுத்தால் சிஸ்டம்எரர் வரும்.

பைபைட்ஸ்_கன்கேட்டும் இதே ஜாதி. முதல் ஆப்ஜெக்டின் ரெஃபரன்ஸை எடுத்துக்கொண்டு அந்த இடத்தில் புதியதை வைக்கும், தோற்றால் நல். கன்கேட்அண்ட்டெல் என்பது இரண்டாவதையும் விடுவித்துவிடும். தலைப்பு, உடல், செக்சம் என்று இரண்டு மூன்று துண்டு ஒட்டுவதற்குச் சரி. லூப்புக்குள் வேண்டாம். 3.14-இலிருந்து பைபைட்ஸ்_ஜாயின் இருக்கிறது, துண்டுகள் நிறைய என்றால் லிஸ்ட்டில் சேர்த்து அதற்குக் கொடுங்கள்.

ஜிஐஎல்-ஐ விடுவது பற்றி: பை_பஃபர் கையில் இருக்கிறது, வெளியே போகும் பைட்ஸின் ரெஃபரன்ஸ் நம்மிடம் மட்டும் இருக்கிறது, ஆகவே பூட்டை விட்டுவிட்டு லூப்பை ஓட்டலாம். அதற்குள் பை என்று தொடங்கும் ஆப்ஜெக்ட் ஃபங்ஷன் எதையும் அழைக்கக்கூடாது. சின்ன பாக்கெட்டுகளுக்கு இதில் லாபமில்லை. பூட்டை விட்டு மறுபடி வாங்கும் நேரத்துக்கு லூப்பே முடிந்துவிடும்.

3.15-இல் பைபைட்ஸ்ரைட்டர் என்று புதிய ஏபிஐ வருகிறது, பெப் 782 என்ற பைத்தான் முன்மொழிவின்படி. கிரியேட், கெட்டேட்டா, கடைசியில் ஃபினிஷ். பாதி கட்டிய பைட்ஸ் வெளியே தெரியாமல் வைத்திருப்பதுதான் அதன் நோக்கம். நல் கொடுத்து உருவாக்கி ரீசைஸ் செய்யும் பழைய வழி உடையாது, புதிதாக எழுதுபவர்களுக்கு மட்டும் பரிந்துரை மாறுகிறது. பழைய பதிப்புகளுக்கும் சேர்த்து எழுதுபவர்கள் இன்னும் கொஞ்ச காலம் நான் சொன்ன வழியில்தான் ஓட்ட வேண்டியிருக்கும்.

சோதிக்கும்போது பைத்தான்மேலாக் சூழல் மாறிக்கு டீபக் என்று மதிப்பு கொடுத்து ஓட்டுங்கள். புதிதாக ஒதுக்கிய மெமரி 205-ஆலும் விடுவித்தது 221-ஆலும் நிரப்பப்படும். வெளியே வந்த பாக்கெட்டின் வாலில் 205 வரிசையாக நின்றால் சுருக்க மறந்திருக்கிறீர்கள். 221 ஸ்லிப்பிலும் டேட்டாவிலும் வருகிற எண், ஆகவே அதற்கு முன்னால் 219 இருக்கிறதா, உள்ளீட்டிலேயே 221 இருந்ததா என்று பார்த்துவிட்டு முடிவுக்கு வாருங்கள். கொடுத்துப் பார்க்க வேண்டிய உள்ளீடுகள்: வெற்று பைட்ஸ் (192, 192 மட்டும் வர வேண்டும்), வெறும் பூஜ்யங்கள், 0 முதல் 255 வரை எல்லா பைட்டும் ஒருமுறை (258 அல்ல, 260 வர வேண்டும்), முழுக்க 192 மட்டுமே உள்ள ஒன்று (அதிகபட்ச ஒதுக்கீடு கச்சிதமாக நிரம்பும், சுருக்க ஒன்றும் இருக்காது), ஒரு பைட்அர்ரே கொடுத்துவிட்டு உடனே அதில் அப்பெண்ட், ஒன்று விட்டு ஒன்று எடுத்த மெமரிவியூ. கடைசியது பஃபர்எரர் தர வேண்டும். தொடர்ச்சியாக இல்லாத மெமரியை 'ஒய்*' ஏற்காது.