அலுவலக விண்டோஸில் யூனிக்ஸ் கருவிகள்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

நிர்வாகி கடவுச்சொல்லைக் கேட்காமல் ஒரு மென்பொருள் ஓடிவிட்டால் அதற்கு அலுவலகத்தின் அனுமதி இருப்பதாக எண்ணிக்கொள்வதுதான் பலர் முதலில் செய்யும் தவறு. யூனிக்ஸ் கருவிகளை விண்டோஸில் தரும் சிக்வினை நிர்வாகி உரிமையின்றியே நிறுவ வழி உண்டு; அத்தகைய கருவிகள் பலவற்றை ஒன்றாகத் திரட்டிய பிஸிபாக்ஸின் விண்டோஸ் வடிவமோ ஒரே கோப்பு, நகலெடுத்து வைத்தாலே ஓடும். ஆனால் எந்த நிரல் ஓடலாம் என்பதைக் கட்டுப்படுத்தும் விண்டோஸ் வசதியான ஆப்லாக்கரைத் தணிக்கை நிலையில் மட்டும் வைத்திருக்கும் அலுவலகத்தில், எதுவும் தடுக்கப்படாவிட்டாலும் விதிக்குப் புறம்பாக ஓடிய ஒவ்வொரு நிரலும் பதிவாகிக்கொண்டுதான் இருக்கும்.

கணினியில் ஏற்கெனவே இருப்பதைப் பார்க்காமல், கருவிக்கு அனுமதி கேட்டு விண்ணப்பம் எழுதுவது அடுத்த தவறு. 2018 முதல் விண்டோஸ் 10இல் இணையத்திலிருந்து தரவிறக்கும் கர்ல், கோப்புகளைக் கட்டிப் பிரிக்கும் டார் ஆகியவை உடன் வருகின்றன. நிரல் கோப்புகளின் மாற்றங்களைப் பதிந்துவைக்கும் கிட் நிறுவப்பட்டிருந்தால் அதனோடு கட்டளைகளை ஓட்டும் பாஷ், உரையில் தேடவும் திருத்தவும் உதவும் கிரெப், செட், ஆக் எல்லாம் வந்திருக்கும். பாதிப் பேருக்கு இதற்கு மேல் தேவைப்படாது என்பது என் எண்ணம்.

அதற்கு மேலும் தேவைப்படுவோர் “டபிள்யூஎஸ்எல் வேண்டும்” என்று, விண்டோஸுக்குள் லினக்ஸை ஓட்டும் அந்த வசதியை ஒற்றை வரியில் கேட்பதால் பயனில்லை. டபிள்யூஎஸ்எல் 2 தனி லினக்ஸ் கெர்னலுடன் (இயங்குதளத்தின் மையப் பகுதி) ஒரு மெய்நிகர் கணினியாக இயங்குவதால், தனி ஏற்பாடு செய்யாதவரை உள்ளே நடப்பது விண்டோஸின் கண்காணிப்பு மென்பொருளுக்குச் சரிவரத் தெரியாது. பாதுகாப்புக் குழுவின் தயக்கம் அதிலிருந்தே வருகிறது. எந்த வேலைக்கு, எந்தத் தரவின்மீது, எந்தச் சேவையகத்தோடு பேசுவதற்கு என்று எழுதினால், அவர்களே வேறொரு வழியைக் காட்டவும் கூடும்.

இவற்றுள் மோசமானது சான்றிதழ்ச் சரிபார்ப்பை அணைப்பது. பல நிறுவனங்களில் இணையப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் பிராக்ஸி, மறைகுறியாக்கப்பட்ட இணைப்பைப் பிரித்துப் பார்த்துவிட்டுத் தன் சான்றிதழோடு அனுப்புகிறது. அதை அறியாத கிட், சான்றிதழில் சிக்கல் என்று நின்றுவிடுகிறது. இணையத்தில் தேடினால் முதலில் கிடைக்கும் அறிவுரை, எஸ்எஸ்எல்வெரிஃபை அமைப்பை ஃபால்ஸ் ஆக்கு என்பதாகவே இருக்கும். அதை குளோபலாக, அதாவது எல்லா இணைப்புக்கும் பொதுவாக, அமைத்தால், வீட்டு வைஃபையிலிருந்து இணைக்கும்போதும் எதிர்முனையில் இருப்பது யார் என்று கிட் சரிபார்க்காது. கிட்டின் எஸ்எஸ்எல்பேக்கெண்ட் அமைப்பை எஸ்சேனல் (விண்டோஸின் சொந்தப் பாதுகாப்பு இணைப்பு முறை) என்று மாற்றினால், நிறுவனம் விண்டோஸில் முன்பே சேர்த்துவைத்துள்ள மூலச் சான்றிதழை அது எடுத்துக்கொள்ளும். எதையும் அணைக்க வேண்டியதில்லை.

உரிமத்தையும் மறந்துவிடக் கூடாது. மென்பொருள்களைத் தனித்தனிப் பெட்டகங்களில் ஓட்டும் டாக்கர் டெஸ்க்டாப் தனிநபருக்கு இலவசம்தான். ஆனால் 2021இல் அறிவிக்கப்பட்ட விதிப்படி, 250 ஊழியருக்கு மேல் அல்லது ஆண்டு வருவாய் 1 கோடி டாலருக்கு மேல் உள்ள நிறுவனங்கள் கட்டணச் சந்தா பெற்றாக வேண்டும்.