டேட்டாபேஸ் அப்கிரேட் குறிப்பை அடுத்தவர் பின்பற்றும்படி எழுதுவது எப்படி?

நான் முதன்முதலில் எழுதிய அப்கிரேட் குறிப்பில் மொத்தம் நான்கே வரி. பேக்கப் எடுக்கவும். பழைய வெர்ஷனை நீக்கவும். புதியதை நிறுவவும். பேக்கப்பை ஏற்றவும். எழுதி முடித்தபோது கச்சிதமாகத்தான் தெரிந்தது.

அதை நம்பித் தன் விண்டோஸ் கணினியில் போஸ்ட்கிரெஸ் என்ற டேட்டாபேஸ் மென்பொருளை அப்கிரேட் செய்தார் ஒரு நண்பர். பேக்கப் என்றால் டேட்டா ஃபோல்டரை வேறோர் இடத்தில் காப்பி செய்து வைப்பது என்று அவர் எடுத்துக்கொண்டார். சர்வர் ஓடிக்கொண்டிருக்கும்போதே காப்பி செய்தார். அப்புறம் பழையதை நீக்கினார், புதியதை நிறுவினார், காப்பியைப் புதிய ஃபோல்டரில் ஒட்டினார். சர்வர் எழவே இல்லை. நல்லவேளையாக, மென்பொருளை நீக்கியபோது பழைய டேட்டா ஃபோல்டர் மட்டும் வட்டிலேயே தங்கியிருந்தது. பழைய வெர்ஷனைத் திரும்ப நிறுவி மீண்டுவிட்டோம். ஆனால் அவர் செய்தது எதுவும் என் குறிப்புக்கு மாறானது அல்ல என்பதுதான் எனக்கு உறுத்தியது.

அன்றிலிருந்து அந்தக் குறிப்பைப் பலமுறை திருத்தியிருக்கிறேன். அந்த வழியைத்தான் இங்கே படிப்படியாகச் சொல்லப்போகிறேன். உதாரணத்துக்கு போஸ்ட்கிரெஸை எடுத்துக்கொள்கிறேன். மையெஸ்கியூஎல் என்ற இன்னொரு டேட்டாபேஸ் மென்பொருளும் ஓரிடத்தில் வரும். கட்டளைப் பெயர்களை ஒலிப்புப்படியே எழுதியிருக்கிறேன். உங்கள் ஆவணத்தில் மட்டும் அவற்றை அப்படியே காப்பி செய்து ஒட்டும் வடிவில் கொடுங்கள்.

படி 1: எந்த வகை அப்கிரேட் என்று முதல் வரியிலேயே பிரித்துவிடுங்கள்

"அப்கிரேட்" என்ற ஒரே சொல்லுக்குள் இரண்டு வேறு வேலைகள் இருக்கின்றன. 16.3-இலிருந்து 16.4-க்குப் போவது சிறிய வேலை. மென்பொருள் கோப்புகள் மாறும், சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும், டேட்டா ஃபோல்டர் அப்படியே இருக்கும். 15-இலிருந்து 16-க்குப் போவது பெரிய வேலை. புதிய சர்வர் பழைய டேட்டா ஃபோல்டரை நேரடியாகத் திறக்காது.

இதில் ஒரு வரலாற்றுச் சிக்கலும் உண்டு. 2017-இல் வந்த வெர்ஷன் 10 முதல்தான் முதல் எண் மட்டும் பெரிய வெர்ஷனைக் குறிக்கிறது. அதற்கு முன்பு 9.5, 9.6 இரண்டும் தனித்தனிப் பெரிய வெர்ஷன்கள். பழைய கணினியில் 9.5 வைத்திருப்பவர், "புள்ளிக்குப் பின்னால்தானே மாறுகிறது, சின்ன வேலைதான்" என்று நினைத்துவிடலாம். அதனால் ஆவணத்தின் தலையிலேயே இப்படி எழுதுங்கள்: "இந்தக் குறிப்பு 15-இலிருந்து 16-க்கு மாறுவோருக்கு மட்டும். 16-க்குள்ளேயே மாறுகிறீர்கள் என்றால் இது வேண்டாம்; சர்வரை நிறுத்தி, புதிய கோப்புகளை நிறுவி, மறுபடி தொடங்குங்கள்." பாதிப் பேர் அங்கேயே நிம்மதியாக விலகிப் போய்விடுவார்கள்.

படி 2: "எப்படி நிறுவினீர்கள்?" என்று கேளுங்கள்

விண்டோஸ், மேக், லினக்ஸ் என்று மூன்று தலைப்பு போட்டால் முடிந்தது என்று நானும் நினைத்திருந்தேன். போதாது. ஒரே மேக்கில் ஹோம்ப்ரூ (கட்டளை தட்டி மென்பொருள் நிறுவும் கருவி) வழியாகவும் நிறுவலாம், போஸ்ட்கிரெஸ் ஆப் வழியாகவும் நிறுவலாம், விண்டோஸில் இருப்பது போன்ற இன்ஸ்டாலர் வழியாகவும் நிறுவலாம். மூன்றிலும் டேட்டா ஃபோல்டர் வெவ்வேறு இடத்தில் இருக்கும். ஹோம்ப்ரூவிலேயே இன்டெல் சிப் உள்ள மேக்கில் ஒரு பாதை, ஆப்பிள் சிப் உள்ளதில் வேறொரு பாதை. படிப்பவருக்கு எதை நிறுவினோம் என்பது பெரும்பாலும் மறந்தே போயிருக்கும். எப்போதோ ஏதோ ஒரு பாடத்தைப் பார்த்து நிறுவியது அது.

ஆகவே பாதையை நீங்கள் ஊகித்து எழுத வேண்டாம். அவரையே சர்வரிடம் கேட்கச் சொல்லுங்கள். சர்வருக்குள் நுழைந்து "ஷோ டேட்டா_டைரக்டரி" என்று கேட்டால் அதுவே தன் ஃபோல்டரைச் சொல்லிவிடும். "ஷோ கான்ஃபிக்_ஃபைல்" (அமைப்புகள் உள்ள கோப்பு), "ஷோ போர்ட்" (சர்வரோடு இணையும் வாசல் எண்) இரண்டும் அப்படித்தான். சர்வர் எழவில்லை என்றால், டேட்டா ஃபோல்டருக்குள் "பிஜி_வெர்ஷன்" என்ற சிறிய கோப்பு இருக்கும். அதைத் திறந்தால் உள்ளே பெரிய வெர்ஷன் எண் மட்டும் எழுதியிருக்கும்.

லினக்ஸில் டெபியன், உபுண்டு வகையைத் தனியாகவே எழுத வேண்டும். அங்கே "பிஜி_எல்எஸ்கிளஸ்டர்ஸ்" என்ற கட்டளை எந்த வெர்ஷன், எந்த போர்ட், எந்த ஃபோல்டர் என்பதையெல்லாம் ஒரே பட்டியலாகக் காட்டிவிடும். அப்கிரேட் செய்யவும் "பிஜி_அப்கிரேட்கிளஸ்டர்" என்று தனிக் கட்டளை உண்டு. ஒரு பொறி மட்டும் இருக்கிறது. புதிய வெர்ஷனை நிறுவியதுமே காலியான புதிய கிளஸ்டர் (ஒரு சர்வர் நிர்வகிக்கும் டேட்டாபேஸ்களின் தொகுப்பு) ஒன்று தானாக உருவாகிவிடும். அது இருக்கும்வரை அப்கிரேட் கட்டளை "ஏற்கெனவே இருக்கிறது" என்று மறுத்துவிடும். அந்தக் காலி கிளஸ்டரை முதலில் நீக்கச் சொல்ல வேண்டும். பக்கத்திலேயே தடித்த எழுத்தில் வெர்ஷன் எண்ணைச் சரிபார்க்கவும் சொல்ல வேண்டும். எண் மாறிப்போனால் நீங்குவது காலியானதல்ல, நிஜமானது.

படி 3: தொடங்கும் முன் நிரப்ப ஒரு பட்டியல் கொடுங்கள்

பழைய வெர்ஷன், புதிய வெர்ஷன், டேட்டா ஃபோல்டர், போர்ட், டேட்டாபேஸின் அளவு, வட்டில் காலியாக உள்ள இடம், பயன்படுத்தும் எக்ஸ்டென்ஷன்கள் (கூடுதல் வசதிக்கான இணைப்பு நிரல்கள்). ஏழு வரி, எதிரே கோடு. ஆவணத்தில் நான் செய்த மாற்றங்களிலேயே குறைந்த உழைப்பில் அதிகம் பயன் தந்தது இதுதான். வரைபட டேட்டாவுக்கான போஸ்ட்ஜிஐஎஸ் போன்ற எக்ஸ்டென்ஷனைப் புதிய வெர்ஷனுக்கும் நிறுவ மறந்தால் அப்கிரேட் பாதியில் நின்றுவிடும். அது முன்னாலேயே தெரிந்துவிடுகிறது.

படி 4: "பேக்கப் எடுக்கவும்" என்ற வரியை உடையுங்கள்

என் நண்பர் விழுந்த குழி இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

முதலில், எந்தக் கருவி? "பிஜி_டம்ப்" ஒரே ஒரு டேட்டாபேஸை மட்டும் எடுக்கும். பயனர் கணக்குகளும் அவர்களின் பாஸ்வேர்டுகளும் அதில் வராது. எல்லா டேட்டாபேஸ்களும் பயனர்களும் சேர்ந்து வேண்டுமென்றால் "பிஜி_டம்ப்ஆல்". இந்த வித்தியாசத்தைச் சொல்லாத குறிப்புகளால்தான், டேட்டா எல்லாம் வந்த பிறகு "அந்தப் பயனரே இல்லை" என்ற பிழையைப் பார்த்து ஆட்கள் முழிக்கிறார்கள்.

இரண்டாவது, எந்த வெர்ஷனின் கருவி? பழைய சர்வரிலிருந்து எடுக்கும்போதும் புதிய வெர்ஷனோடு வரும் டம்ப் கருவியையே பயன்படுத்துவது நல்லது. புதிய கருவிக்குப் பழைய சர்வரின் மொழி தெரியும். பழைய கருவிக்குப் புதியது தெரியாது.

மூன்றாவது, எடுத்தது சரியா? கோப்பு உருவானதோடு நிறுத்தாதீர்கள். அளவு பூஜ்யமாக இல்லையே என்று பார்க்கச் சொல்லுங்கள். முடிந்தால் வேறொரு பெயரில் ஏற்றி, தனக்குத் தெரிந்த ஓர் அட்டவணையில் எத்தனை வரிகள் உள்ளன என்று எண்ணிப் பார்க்கச் சொல்லுங்கள். ஏற்றிப் பார்க்காத பேக்கப்பை நான் பேக்கப் கணக்கிலேயே சேர்ப்பதில்லை.

படி 5: ஒவ்வொரு கட்டளைக்கும் கீழே, என்ன தெரிய வேண்டும் என்று எழுதுங்கள்

பழைய டேட்டா ஃபோல்டரைப் புதிய வெர்ஷனுக்கு மாற்றித் தரும் கருவி பிஜி_அப்கிரேட். "பிஜி_அப்கிரேட் கட்டளையை ஓட்டவும்" என்று நான் பின்னால் சேர்த்திருந்த வரி இப்போது இப்படி இருக்கிறது:

"முதலில் நீங்கள் எழுத அனுமதி உள்ள ஒரு ஃபோல்டருக்குப் போங்கள். நிரல்கள் நிறுவப்படும் ஃபோல்டரில் நின்றுகொண்டு ஓட்டினால் அனுமதி இல்லை என்று நின்றுவிடும். அடுத்து 'செக்' என்ற தேர்வோடு ஓட்டுங்கள். இது சோதனை மட்டும், எதையும் மாற்றாது. பழைய சர்வர் ஓடிக்கொண்டிருந்தாலும் பரவாயில்லை. ஒவ்வொரு சோதனை வரியின் முடிவிலும் 'ஓகே' என்று வர வேண்டும். அந்த இடத்தில் வேறு ஏதாவது வந்தால் இங்கேயே நில்லுங்கள். கீழே உள்ள பிழைப் பட்டியலைப் பாருங்கள்."

நீளமாகிவிட்டது, உண்மைதான். ஆனால் கறுப்புத் திரையில் வரிகள் ஓடும்போது பழகாத ஒருவருக்கு எது நல்ல செய்தி, எது கெட்ட செய்தி என்றே தெரியாது. அதைச் சொல்ல வேண்டியது நாம்தான்.

இன்னொன்று. இந்தக் கருவிக்குப் பழைய வெர்ஷனின் நிரல்கள், புதிய வெர்ஷனின் நிரல்கள் இரண்டுமே தேவை. "பழையதை நீக்கவும்" என்பதை இரண்டாவது வரியாக வைத்தேனே, அது இருக்க வேண்டிய இடம் கடைசி வரி. அதுவும் ஒரு வாரம் கழித்து.

படி 6: திரும்ப முடியாத இடத்தில் கோடு கிழியுங்கள்

எந்தப் படிவரை பழைய நிலைக்குத் திரும்பலாம், எதற்குப் பிறகு முடியாது? பெரும்பாலான குறிப்புகளில் இதற்குப் பதிலே இருக்காது.

பிஜி_அப்கிரேட் வழக்கமாகக் கோப்புகளை நகலெடுக்கும். இரட்டிப்பு இடம் தேவைப்படும், ஆனால் பழையது பத்திரமாக இருக்கும். "லிங்க்" தேர்வில் ஓட்டினால் நகலே எடுக்காது. பழையதும் புதியதும் ஒரே கோப்புகளைப் பகிர்ந்துகொள்ளும். மிக வேகமாக முடியும், இடமும் மிச்சம். ஆனால் புதிய சர்வரை ஒருமுறை தொடங்கிவிட்டால் பழையதை மறுபடி பாதுகாப்பாகப் பயன்படுத்த முடியாது. "வேகமான வழி" என்று மட்டும் சொல்லி லிங்க்கைப் பரிந்துரைக்கும் குறிப்புகளைப் பார்க்கும்போது எனக்குக் கோபம்தான் வருகிறது. தொடங்குவோருக்கு எழுதும் ஆவணத்தில் நகல் முறையையே சொல்லுங்கள்.

மையெஸ்கியூஎல்லில் கோடு இன்னும் முன்னாலேயே இருக்கிறது. 5.7-இன் டேட்டா ஃபோல்டரை வைத்து 8.0 சர்வரைத் தொடங்கினாலே அது தானாக மாற்றத் தொடங்கிவிடும். 8.0-இலிருந்து 5.7-க்கு இறங்கும் வழி கிடையாது, பேக்கப்பிலிருந்து மீட்பது ஒன்றே வழி. 5.7-இலிருந்து நேராக 8.4-க்குத் தாவவும் முடியாது, நடுவில் 8.0-இல் நின்றுதான் போக வேண்டும்.

ஆவணத்தில் அந்த இடத்தில் நிஜமாகவே ஒரு கோடு போட்டு, "இதற்கு மேல் போனால் பேக்கப் வழியாக மட்டுமே திரும்பலாம்" என்று எழுதிவிடுங்கள்.

படி 7: "முடிந்தது" என்ற பிறகு வரும் தொல்லைகளை எழுதுங்கள்

அப்கிரேட் ஆன பிறகும் பழைய வெர்ஷன் எண்ணே தெரிகிறது: இரண்டு சர்வர்களும் ஓடுகின்றன. 5432 போர்ட்டைப் பழையது பிடித்திருப்பதால் புதியது 5433-க்குப் போயிருக்கும்.

கேள்விகளுக்குப் பதில் மெதுவாக வருகிறது: டேட்டாவைப் பற்றிச் சர்வர் சேர்த்து வைக்கும் புள்ளிவிவரங்கள் 18-க்கு முந்தைய வெர்ஷன்களுக்கு மாறும்போது கூடவே வருவதில்லை. "அனலைஸ்" ஓட்டினால் சரியாகும்.

அமைப்புகள் எல்லாம் காணோம்: பிஜி_அப்கிரேட் கான்ஃபிக் கோப்புகளைக் கொண்டுவராது. பழையதைப் பார்த்துப் புதியதில் தேவையான வரிகளை மட்டும் எழுத வேண்டும். முழுக் கோப்பையும் ஒட்டச் சொல்லாதீர்கள்.

சோதனையிலேயே செக்சம் பொருந்தவில்லை என்று நிற்கிறது: வெர்ஷன் 18-இல் புதிய கிளஸ்டருக்கு டேட்டா செக்சம் (டேட்டா கெட்டுப்போயிருக்கிறதா என்று பார்க்கும் சரிபார்ப்பு எண்) இயல்பாகவே இயங்கும். பழையதில் அது இல்லையென்றால், புதிய கிளஸ்டரையும் அது இல்லாமல் உருவாக்க வேண்டும்.

லினக்ஸ்காரர்களுக்கு இன்னொரு விஷயம், இது டேட்டாபேஸைத் தொடாமலேயே வரும். இயங்குதளத்தை அப்கிரேட் செய்யும்போது எழுத்துகளை வரிசைப்படுத்தும் விதி மாறலாம். 2018-இல் வந்த ஜிலிப்சி (லினக்ஸின் அடிப்படை நிரல் நூலகம்) 2.28-இல் இது பெரிய அளவில் நடந்தது. இண்டெக்ஸ் என்பது வேகமாகத் தேடுவதற்கான வரிசைப் பட்டியல். பழைய விதிப்படி அடுக்கிய இண்டெக்ஸைப் புதிய விதிப்படி தேடினால், இருக்கிற வரியையே இல்லை என்று சொல்லும். "ரீஇண்டெக்ஸ்" செய்ய வேண்டும். பிழைச் செய்தியே இல்லாமல் வரும் தவறு என்பதால் இதற்குத் தனிப் பத்தி ஒதுக்குங்கள்.

பிழைகளை எழுதும்போது திரையில் வரும் வாசகத்தை எழுத்து மாறாமல் போடுங்கள். உங்கள் சொல்லில் சுருக்கினால் தேடுபவருக்குச் சிக்காது.

படி 8: ஒருவரை உட்கார வைத்து, வாயை மூடிக்கொண்டு பாருங்கள்

காலி மெய்நிகர் கணினி ஒன்றில் பழைய வெர்ஷனையும் கொஞ்சம் மாதிரி டேட்டாவையும் போட்டுக் கொடுங்கள். ஆவணத்தை மட்டும் கையில் தாருங்கள். அவர் தயங்கும் இடம், மேலே போய்த் திரும்பப் படிக்கும் இடம், உங்களைத் திரும்பிப் பார்க்கும் இடம் எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். உதவாமல் இருப்பதுதான் கஷ்டம்.

நான் இதைச் செய்தபோது அதே நண்பரைத்தான் உட்கார வைத்தேன். முதல் கட்டளையிலேயே நின்றுவிட்டார். "டெர்மினலில் ஓட்டவும்" என்று எழுதியிருந்தேன். விண்டோஸில் அந்தப் பெயரில் எதைத் திறப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. பாஸ்வேர்ட் கேட்ட இடத்தில் தட்டத் தட்ட எதுவும் தெரியாததால் கீபோர்டு வேலை செய்யவில்லை என்று நினைத்தார். இரண்டுக்கும் ஒவ்வொரு வரி சேர்த்தேன். அடுத்த முறை பிழைப் பட்டியல்வரை தானே போய், அங்கே நான் ஒரு கட்டளையில் மேற்கோள்குறி போட மறந்திருந்ததையும் கண்டுபிடித்துச் சொன்னார்.