"ஆல்ஃபா 0.82, எனவே நம்பகமானது": ஒரே வரியில் எத்தனை பிழைகள்!

உளவியல் ஆய்வேடுகளில் கருவிகளைப் பற்றிய பகுதி வந்ததும் என் கண் ஒரு வரியைத் தேடும். "இந்த அளவுகோலின் குரோன்பாக் ஆல்ஃபா 0.82. எனவே இது நம்பகமானது." அளவுகோலில் உள்ள கூற்றுகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்று காட்டும் எண்தான் இந்த ஆல்ஃபா. எண் மாறும், வரி மாறாது. முதுகலை மாணவர் எழுதினாலும் முனைவர் பட்ட ஆய்வாளர் எழுதினாலும் இதே வரிதான். மதிப்பிடுபவரும் 0.70-க்கு மேலே இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டிவிடுவார். இதில் தப்பு எங்கே என்று கேட்டால், ஏறக்குறைய ஒவ்வொரு சொல்லிலும் என்பேன்.

"இந்த அளவுகோலின்"

நம்பகத்தன்மை அளவுகோலுக்குச் சொந்தமானது என்று நினைப்பதுதான் முதல் தவறு. ஒருவர் பெறும் மதிப்பெண்ணில் அவருடைய உண்மை நிலை ஒரு பங்கு, பிழை ஒரு பங்கு. ஒரு குழுவில் மதிப்பெண்கள் ஆளுக்கு ஆள் வேறுபடுகின்றன அல்லவா, அந்த மொத்த மாறுபாட்டில் உண்மையான வேறுபாட்டால் வந்தது எவ்வளவு என்பதே நம்பகத்தன்மைக் கெழு. ஆகவே குழு மாறினால் கெழுவும் மாறும்.

மனச்சோர்வை அளக்கும் ஒரு வினாத்தாளைப் பொதுமக்களிடம் கொடுக்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். சோர்வே இல்லாதவர்களும் இருப்பார்கள், எழுந்து உட்கார முடியாதவர்களும் இருப்பார்கள். உண்மை மாறுபாடு 80, பிழை மாறுபாடு 20 என்றால் கெழு 0.80. அதே தாளைத் தீவிர மனச்சோர்வுக்காக உள்நோயாளிகளாக இருப்பவர்களிடம் மட்டும் கொடுத்தால் எல்லோருமே ஒரு முனையில் நெருங்கி நிற்பார்கள். உண்மை மாறுபாடு 20-ஆகச் சுருங்குகிறது, பிழை அதே 20. கெழு 0.50. தாளில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

ஆகவே மூல ஆசிரியரின் கையேட்டில் உள்ள எண்ணை எடுத்துப் போட்டுவிட்டு நகர்வது, வேறொருவருடைய ரத்த அழுத்தத்தை நம் மருத்துவச் சீட்டில் எழுதிக்கொள்வதைப் போன்றது. அந்த எண்ணைக் குறிப்பிடுவதில் தவறில்லை. உங்கள் மாதிரியில் கிடைத்த எண்ணும் பக்கத்தில் இருக்க வேண்டும்.

மொழிபெயர்த்த அளவுகோலாக இருந்தால் இது இரட்டிப்பாகப் பொருந்தும், ஏனென்றால் மொழிபெயர்ப்பு ஒரு புதிய கருவி. குறிப்பாக எதிர்மறைக் கூற்றுகள் படுத்தும் பாடு தனி. "எனக்குச் சரியாகத் தூக்கம் வருவதில்லை" என்ற கூற்றுக்கு "இல்லை" என்று ஒருவர் பதில் சொன்னால், தூக்கம் வருகிறது என்கிறாரா, ஆமோதித்து "இல்லை, வருவதில்லை" என்கிறாரா? பேச்சில் இரண்டுமே வழக்கம். இப்படி நான்கு கூற்றுகள் இருந்தால் போதும், ஆல்ஃபா தடுமாறும்.

"ஆல்ஃபா"

பிழை ஒரே வகையில் வருவதில்லை. இன்று எழுதியதற்கும் மூன்று வாரம் கழித்து எழுதுவதற்கும் இடையே வரும் பிழை ஒன்று. கேள்விக்குக் கேள்வி வரும் பிழை இன்னொன்று. மதிப்பீட்டாளருக்கு மதிப்பீட்டாளர் வரும் பிழை வேறொன்று. உங்கள் ஆய்வில் எந்தப் பிழை ஆபத்தானது என்று முதலில் தீர்மானித்துவிட்டு அதற்கேற்ற கெழுவைத் தேட வேண்டும். நடப்பதோ தலைகீழ். மென்பொருளில் ஒரு சொடுக்கில் ஆல்ஃபா வந்துவிடுகிறது, வந்ததோடு வேலை முடிந்துவிடுகிறது.

ஆல்ஃபா சொல்வது ஒரே அமர்வில் கேட்ட கூற்றுகள் தமக்குள் எவ்வளவு ஒத்துப்போகின்றன என்பதை மட்டும். காலத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. இன்னும் மோசம், முந்தைய இரவு தூங்காமல் வந்தவர் எல்லாக் கூற்றுகளுக்கும் கொஞ்சம் கூடுதலாகச் சலித்துக்கொண்டே பதில் சொல்வார். அந்த ஒரு நாள் சலிப்பு எல்லாக் கூற்றுகளையும் ஒரே பக்கம் இழுப்பதால் ஆல்ஃபாவை அது உயர்த்தவே செய்யும். நிலையான ஆளுமைப் பண்பை அளக்க வந்தவருக்கு அது பிழை, ஆல்ஃபாவின் கணக்கிலோ அது நம்பகத்தன்மை.

இந்தச் சூத்திரத்தின் வரலாறும் சுவையானது. சரி, தவறு என்று மட்டும் பதிலுள்ள தேர்வுகளுக்கு கூடரும் ரிச்சர்ட்சனும் 1937-இல் தந்த சூத்திரத்தின் பொதுவடிவம் இது. 1945-இல் கட்மன் இதையே வேறு பெயரில் தந்திருந்தார். லீ குரோன்பாக் கட்டுரை எழுதியது 1951-இல். அவர் மறைவுக்குப் பிறகு 2004-இல் வெளிவந்த குறிப்புகளில், இது தன் பெயரால் அழைக்கப்படுவதே தனக்குச் சங்கடம் என்றும், பெரும்பாலான தரவுகளுக்கு இதுவே பொருத்தமான வழி என்று தான் இனியும் கருதவில்லை என்றும் சொல்லியிருந்தார். பெயர் கொடுத்தவரே கைவிட்ட பிறகும் நாம் விடுவதாக இல்லை.

"ஆல்ஃபா அதிகம், ஆகவே இந்த அளவுகோல் ஒரே பண்பை அளக்கிறது" என்பது மிகவும் பரவிய தவறு. ஒரு கணக்கு போட்டுப் பாருங்கள். 12 கூற்றுகள், அவற்றில் 6 பதற்றம் பற்றியவை, 6 கணிதத் திறன் பற்றியவை. ஒவ்வோர் ஆறுக்குள்ளும் ஒட்டுறவு (இரண்டு சேர்ந்து ஏறி இறங்கும் அளவு, அதிகபட்சம் 1) 0.50, இரண்டு ஆறுகளுக்கும் இடையே பூச்சியம். ஒன்றுக்கொன்று தொடர்பே இல்லாத இந்த இரண்டையும் சேர்த்துப் போட்டால் ஆல்ஃபா 0.78 வரும்! ஒரே பண்பா என்ற கேள்விக்கு, கூற்றுகள் எத்தனை கொத்தாகப் பிரிகின்றன என்று பார்க்கும் காரணிப் பகுப்பாய்வுதான் பதில் சொல்ல வேண்டும், ஆல்ஃபாவிடம் கேட்டுப் பயனில்லை.

கூற்றுகளின் எண்ணிக்கையும் ஏமாற்றும். கூற்றுகளுக்கிடையே சராசரி ஒட்டுறவு வெறும் 0.20 என்று கொள்வோம். 5 கூற்றுகள் என்றால் ஆல்ஃபா 0.56, 10 என்றால் 0.71, 20 என்றால் 0.83. கூற்றுகளின் தரம் ஒன்றும் கூடவில்லை, தாள் மட்டும் நீண்டிருக்கிறது. நேர்மாறாக, மூன்றே கூற்றுகள் உள்ள அளவுகோலில் 0.65 வந்தால் அதைக் குப்பையில் போட வேண்டியதுமில்லை. ஆல்ஃபாவுடன் சராசரி ஒட்டுறவையும் கொடுத்துவிட்டால் படிப்பவரே எடைபோட்டுக்கொள்வார்.

0.95, 0.96 என்று வந்தால் மகிழ்வதற்கு முன் கூற்றுகளை உரக்கப் படித்துப் பாருங்கள். "எனக்குக் கவலையாக இருக்கிறது", "நான் கவலையில் இருக்கிறேன்", "கவலை என்னை வாட்டுகிறது" என்று ஒரே கேள்வியை மூன்று முறை கேட்டிருந்தால் ஆல்ஃபா உயராமல் என்ன செய்யும்? மென்பொருள் தரும் "இந்தக் கூற்றை நீக்கினால் ஆல்ஃபா" என்ற பட்டியலைப் பார்த்துக் கூற்றுகளை ஒவ்வொன்றாக வெட்டுவதும் அதே பள்ளத்தில்தான் கொண்டுபோய் விடும். ஐம்பது பேரின் தரவில் வெட்டியது அந்த ஐம்பது பேரின் தற்செயலுக்குப் பொருந்தும், அடுத்த மாதிரியில் கலைந்துவிடும். பெரும்பாலும் வெட்டுப்படுவது கருத்தின் வேறொரு பக்கத்தைத் தொட்ட கூற்றாகவே இருக்கும்.

ஆல்ஃபா எதிர்மறையாக வந்தால் அநேகமாகத் தலைகீழ்க் கூற்றுகளின் (ஆமோதித்தால் மதிப்பெண் குறைய வேண்டியவை) மதிப்பெண்ணைத் திருப்ப மறந்திருப்பீர்கள். முதலில் அதைப் பாருங்கள்.

ஆல்ஃபாவே போடக்கூடாத இடங்களும் உண்டு. ஹோம்ஸும் ராஹேயும் 1967-இல் வெளியிட்ட வாழ்க்கை நிகழ்வுப் பட்டியலில் துணையின் மரணம், வேலை இழப்பு, வீடு மாறுதல் என 43 நிகழ்வுகள் உண்டு. வேலை போனவருக்குத் துணையும் இறந்திருக்க வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. இந்நிகழ்வுகள் மன அழுத்தத்தின் காரணங்கள், அதன் அறிகுறிகள் அல்ல. அவை தமக்குள் ஒத்துப்போக வேண்டும் என்று எதிர்பார்ப்பதற்கே அர்த்தமில்லை.

சரி, ஆல்ஃபாவுக்கு மாற்று? எல்லாக் கூற்றுகளும் பண்போடு ஒரே அளவில் பிணைந்திருக்கின்றன என்ற எடுகோள் ஆல்ஃபாவுக்குள் ஒளிந்திருக்கிறது. நிஜத்தில் அப்படி இருப்பது அரிது. அந்த எடுகோளைத் தளர்த்துவது மெக்டொனால்டின் ஒமேகா என்ற கெழு. இன்று இலவச மென்பொருள்களிலேயே கிடைக்கிறது. ஆனால் ஆல்ஃபா இருந்த இடத்தில் ஒமேகாவை ஒட்டிவிட்டு மற்றதெல்லாம் பழையபடி என்றால் பெரிதாக ஒன்றும் மாறிவிடாது.

"0.82"

0.70 என்ற எல்லைக்கோடு எங்கிருந்து வந்தது? வழக்கமாக உளவியல் அளவீட்டு அறிஞர் நன்னலியின் 1978-ஆம் ஆண்டு நூலைக் காட்டுவார்கள். அவர் 0.70 சொன்னது ஆய்வின் தொடக்கக் கட்டத்துக்கு. அடிப்படை ஆய்வுகளுக்கு 0.80 என்றார். ஒரு தனிமனிதரைப் பற்றி முக்கியமான முடிவெடுக்கும் இடத்தில் 0.90 குறைந்தபட்சம், 0.95 விரும்பத்தக்கது என்றார். இந்த எண்களில் எளிதானது மட்டும் எல்லோர் நினைவிலும் தங்கிவிட்டது.

தனிமனித முடிவுக்கு ஏன் அவ்வளவு கண்டிப்பு என்பது, ஒருவரின் மதிப்பெண் பிழையால் எவ்வளவு தள்ளாடும் என்று சொல்லும் அளவீட்டின் திட்டப்பிழையைக் கணக்கிட்டால் தெரியும். நுண்ணறிவு ஈவின் (IQ) திட்டவிலக்கம், அதாவது மதிப்பெண்கள் சராசரியைச் சுற்றிப் பரவும் அளவு, 15. நம்பகத்தன்மை 0.90 என்ற நல்ல நிலையிலேயே திட்டப்பிழை சுமார் 4.7 புள்ளிகள். 95 விழுக்காட்டு எல்லை என்றால் இருபுறமும் 9 புள்ளிகளுக்கு மேல். 72 எடுத்த சிறுவனுக்கு, அறிவுசார் குறைபாட்டுக்கு வழக்கமாக வைக்கும் 70 என்ற வெட்டுக்கோட்டின் எந்தப் பக்கம் இடம் என்று இந்த எண்ணை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது. கெழுவை மட்டும் எழுதித் திட்டப்பிழையை எழுதாமல் விடுவது மருத்துவ உளவியல் அறிக்கைகளில் எனக்கு மிகவும் உறுத்தும் குறை.

குழு ஆய்வுகளிலும் விலை உண்டு. 1904-லேயே ஸ்பியர்மன் காட்டியது இது: இரு பண்புகளுக்கிடையே உண்மை ஒட்டுறவு 0.50 இருக்க, இரண்டு அளவுகோல்களின் நம்பகத்தன்மையும் 0.70 என்றால், நம் கைக்கு வருவது 0.35 மட்டுமே. "எதிர்பார்த்த தொடர்பு கிடைக்கவில்லை" என்று முடிவுரையில் வருந்துபவர்கள், தவறு கோட்பாட்டிலா கருவியிலா என்று ஒருமுறை பார்ப்பது நல்லது. இதற்கான திருத்தச் சூத்திரமும் உண்டு. அதைத் தவறான நம்பகத்தன்மை எண்ணோடு பயன்படுத்தி, ஒட்டுறவு 1-ஐத் தாண்டி வந்து விழித்தவர்களும் உண்டு.

கெழு என்பதும் ஒரு மதிப்பீடுதான். 30 பேரிடம் கிடைத்த 0.82-க்கு நம்பிக்கை இடைவெளி (உண்மை மதிப்பு இருக்கக்கூடிய எல்லைகள்) போட்டால் எவ்வளவு அகலம் என்று பாருங்கள், அந்த இரண்டாம் தசமத்தின் மீதுள்ள பற்று குறைந்துவிடும்.

மறுசோதனையும் மதிப்பீட்டாளர்களும்

மறுசோதனையில் இடைவெளிதான் முதல் சிக்கல். இரண்டே நாளில் மீண்டும் கொடுத்தால் பழைய பதில் நினைவிலிருந்து வரும். ஓராண்டு விட்டால் ஆளே மாறியிருப்பார். எல்லாவற்றுக்கும் பொருந்தும் இடைவெளி கிடையாது, பண்பு எவ்வளவு வேகமாக மாறும் என்பதைப் பொறுத்தது. கணநேர மனநிலையை அளக்கும் தாளில் மறுசோதனைக் கெழு குறைந்தால் அது குறையே அல்ல. அங்கே 0.95 வந்தால்தான் சந்தேகப்பட வேண்டும்.

இன்னொரு பொறி: சாதாரண ஒட்டுறவு ஆட்களின் ஒப்பீட்டு நிலையை மட்டுமே பார்க்கும். பயிற்சியால் இரண்டாம் முறை எல்லோரும் சரியாக 5 மதிப்பெண் கூடுதலாக எடுத்தாலும் ஒட்டுறவு 1.00 தான். மதிப்பெண்ணே மாறாமல் இருக்க வேண்டும் என்பது உங்கள் தேவையானால், ஒரே ஆளின் மதிப்பெண்கள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்று பார்க்கும் உள்வகுப்பு ஒட்டுறவில் (ICC) முழு உடன்பாட்டு வகையைப் போட வேண்டும். ஷ்ரௌட், ஃப்ளைஸ் இருவரும் 1979-இல் அதற்கு ஆறு வடிவங்களைப் பிரித்துக் காட்டினார்கள். அவற்றில் எதைப் போட்டீர்கள் என்று எழுதாவிட்டால் படிப்பவருக்கு அந்த எண்ணால் ஒரு பயனும் இல்லை.

மதிப்பீட்டாளர்களுக்கிடையே "94 விழுக்காடு உடன்பாடு" என்பது கேட்க நன்றாக இருக்கும். குழந்தைகள் விளையாடும் 100 காணொளிகளில் வன்முறை உண்டா என்று இருவர் குறிக்கிறார்கள். 92-இல் இருவரும் இல்லை என்கிறார்கள், 2-இல் இருவரும் உண்டு என்கிறார்கள், மீதி 6-இல் முரண்படுகிறார்கள், ஆளுக்கு 3 வீதம். உடன்பாடு 94 விழுக்காடு. ஆனால் அரிதாக வரும் ஒன்றுக்கு இருவரும் கண்ணை மூடிக்கொண்டு "இல்லை" போட்டுக்கொண்டே வந்தாலும் பெரும்பாலும் ஒத்துப்போகும். அந்தத் தற்செயலைக் கழிக்கும் கோஹனின் கப்பா இங்கே 0.37 மட்டுமே. தேடிய வன்முறையைக் கண்டதில் இருவரும் ஒன்றுபட்டது 8 காணொளிகளில் இரண்டில்தான் என்பதைக் கப்பா அம்பலப்படுத்துகிறது. கப்பாவையும் தனியாக விடாமல், அந்த நான்கு கட்ட அட்டவணையையே அச்சிட்டுவிடுங்கள்.

யாரும் கேட்காத இடம்

வினாத்தாளுக்கு ஆல்ஃபா கேட்கும், ஆய்வேட்டை மதிப்பிடுபவர்கள், கணினியில் எதிர்வினை நேரத்தை அளக்கும் சோதனைகளுக்கு எதுவுமே கேட்பதில்லை. ஸ்ட்ரூப் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்பு மையில் "பச்சை" என்று எழுதியிருந்தால் மையின் நிறத்தைச் சொல்லத் தாமதமாகும். 1935 முதல் எங்கு செய்தாலும் வரும் விளைவு. அவ்வளவு உறுதியான சோதனை, ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டையும் நன்றாகவே அளக்கும் என்று நினைப்பது இயல்பு. ஹெட்ஜும் அவருடன் ஆய்ந்தவர்களும் 2018-இல் இதற்கு நேரெதிரான ஒன்றை நம்பகத்தன்மை முரண் என்ற பெயரில் எடுத்துக்காட்டினார்கள். எல்லோரிடமும் ஏறக்குறைய ஒரே அளவில் வருவதால்தான் விளைவு அவ்வளவு உறுதியாகத் தெரிகிறது. எல்லோரிடமும் ஒரே அளவு என்றால் ஆட்களைப் பிரித்தறிய மிச்சம் ஏது?

கழித்தல் வேறு சேர்ந்துகொள்கிறது. ஸ்ட்ரூப் மதிப்பெண் இரண்டு நேரங்களின் வித்தியாசம். இரண்டின் நம்பகத்தன்மையும் 0.80, அவற்றுக்கிடையே ஒட்டுறவு 0.70, மாறுபாடும் சமம் என்றால், வித்தியாசத்தின் நம்பகத்தன்மை வெறும் 0.33. பயிற்சிக்கு முன், பின் என்று கழிக்கும் ஆய்வுகளுக்கும் இதே கணக்குதான்.

இத்தகைய சோதனைகளில் முயற்சிகளை இரு பாதியாகப் பிரித்து ஒப்பிடலாம். முதல் பாதி, இரண்டாம் பாதி என்று பிரிக்காதீர்கள், பயிற்சியும் களைப்பும் இடையில் புகுந்துவிடும். கணினியைக் கொண்டு தற்செயலாக ஆயிரக்கணக்கான முறை பிரித்துச் சராசரி எடுப்பது மேல். கிடைப்பது பாதி நீளச் சோதனையின் கெழு என்பதால், 1910-இல் ஸ்பியர்மனும் பிரவுனும் தனித்தனியே தந்த திருத்தத்தைப் போட வேண்டும். பாதிகளுக்கிடையே 0.60 என்றால் முழுச் சோதனைக்கு 0.75. திருத்தம் போட்ட எண்ணா, போடாத எண்ணா என்பதையும் எழுதிவிடுங்கள்.