படத் திருத்த மென்பொருள் உறைந்து நின்றபோது

கல்யாண ஆல்பத்துக்கான படங்களைத் திருத்தும்போது, நான்கைந்து லேயர் (ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் படத் தளம்) சேர்த்ததுமே மென்பொருள் அப்படியே நின்றுவிடும்; மேற்பட்டையில் ‘நாட் ரெஸ்பாண்டிங்’ என்று வரும். ரேம் போதவில்லை, கூடுதலாக வாங்கிப் போடுங்கள் என்றுதான் பலரும் சொன்னார்கள். செலவழிப்பதற்கு முன், கணினியின் எந்தப் பகுதி எவ்வளவு வேலை செய்கிறது என்று காட்டும் டாஸ்க் மேனேஜரைத் திறந்து வைத்துக்கொண்டு வேலை செய்து பார்த்தேன். பிராசஸர் ஓய்வாகவே இருந்தது. 8 ஜிபி ரேம் நிரம்பியதும் சி டிரைவின் பயன்பாடு (எழுதிப் படிக்கும் வேலை) 100 சதவீதத்தைத் தொட்டு, அங்கேயே நின்றது.

6000க்கு 4000 பிக்சல் கொண்ட வண்ணப் படத்தை 16 பிட்டில் (ஒரு பிக்சலின் ஒவ்வொரு அடிப்படை நிறத்துக்கும் 16 பிட் ஒதுக்கும் முறை) திறந்தால், ஒரு முழு லேயருக்கே ஏறத்தாழ 144 எம்பி தேவைப்படும். பல லேயர்களோடு, அன்டூ செய்வதற்காக வைத்திருக்கும் ஹிஸ்டரி நிலைகளும் சேரும்போது, ரேமில் அடங்காதவற்றை மென்பொருள் ஸ்கிராட்ச் டிஸ்க் எனப்படும் தற்காலிக இடத்தில் எழுதுகிறது. என் கணினியில் அந்த இடம், விண்டோஸும் குடியிருக்கிற, ஏறக்குறைய நிரம்பிவிட்ட பழைய ஹார்ட் டிஸ்க்.

ஸ்கிராட்ச் டிஸ்க்கைக் காலியாக இருந்த, ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான எஸ்எஸ்டிக்கு மாற்றி, ரேம் ஒதுக்கீட்டை 70 சதவீதத்தில் நிறுத்தி (முழுவதையும் கொடுத்தால் விண்டோஸ் திணறும்), ஹிஸ்டரியை 20 நிலைகளாகக் குறைத்து, மென்பொருளை மூடித் திறந்ததும் உறைதல் நின்றது. பிரஷ் மட்டும் திக்கித் திக்கி நகர்ந்தது. கிராபிக்ஸ் டிரைவரைப் புதுப்பித்ததும் அதுவும் சரியானது. நிறத் திருத்தம் முடிந்த படங்களை இப்போது 8 பிட்டுக்கு மாற்றிவிடுகிறேன். ஆல்பம் அச்சுக்கு அது போதும், லேயரின் அளவும் பாதியாகிறது.