கைவிட்ட கேமை உங்கள் நிபந்தனைகளின்படி மீண்டும் விளையாடுவது எப்படி

பாதியில் விட்ட கேமைத் திரும்ப எடுக்கும் முன், குறை கேமினுடையதா, அதன் கடினத்தினுடையதா, நம் வீட்டுச் சூழலினுடையதா என்று முதலில் பிரித்துப் பாருங்கள்.

குறை கேமினுடையது என்றால், இப்போதைய பதிப்பைக் கவனியுங்கள். 2020 டிசம்பரில் பிழைகளோடு வெளிவந்து, பிளேஸ்டேஷன் ஸ்டோரிலிருந்தே சில மாதங்கள் நீக்கப்பட்டிருந்த சைபர்பங்க் 2077, 2023 செப்டம்பரில் வந்த 2.0 அப்டேட்டில் திறன் அமைப்பும் போலீஸ் துரத்தலும் திருத்தப்பட்டு, ஏறக்குறைய வேறொரு கேமாகவே மாறிவிட்டது.

கடினம்தான் தடை என்றால் செட்டிங்ஸைத் தயங்காமல் திறக்கலாம். செலஸ்ட் என்ற கேமின் அசிஸ்ட் மோடில் (உதவி முறை) ஆட்டத்தின் வேகத்தையே குறைத்துக்கொள்ள முடியும். ஹேடீஸ் என்ற கேமின் காட் மோடு நமக்கு ஏற்படும் சேதத்தை முதலில் 20 சதவீதம் குறைத்து, ஒவ்வொரு தோல்விக்கும் அந்தக் குறைப்பை 2 சதவீதம் கூட்டி, 80 சதவீதம் வரை கொண்டுசெல்கிறது. இதை ஏமாற்று வேலை என்பவர்களைப் பொருட்படுத்த வேண்டியதில்லை. வியாசர்பாடித் தெருமுனையில் கேரம் போர்டுக்குப் பவுடர் தூவிக்கொள்பவரை யாரும் அப்படிச் சொல்வதில்லையே.

தண்டையார்பேட்டை, கொருக்குப்பேட்டைப் பக்கத்துச் சிறிய வீடுகளில் டிவி மாலையில் சீரியலுக்கே உரியது என்பதால், நினைத்த இடத்தில் சேவ் செய்யக்கூடிய கேமையே தேர்ந்தெடுப்பது நல்லது. மே மாத வெக்கையில் லேப்டாப் கொதித்தால், ஃபிரேம் ரேட்டை (நொடிக்குத் திரையில் காட்டப்படும் படங்களின் எண்ணிக்கை) 30-க்குக் கட்டுப்படுத்துங்கள்.

பட்டன்கள் மறந்திருக்கும் என்பதால், பழைய சேவ் ஃபைலை அழிக்காமல் வேறு ஸ்லாட்டில் புதிதாகத் தொடங்குங்கள். முக்கியக் கதைக்கு வெளியேயுள்ள பக்கப் பணிகள் அனைத்தையும் முடிக்க வேண்டும் என்ற கட்டாயம் எவருக்கும் இல்லை. அப்போதும் பிடிக்கவில்லையெனில் அன்இன்ஸ்டால் செய்துவிடலாம்.