வழக்கே நடத்தாமல் சிறை: பேசும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

பயங்கரவாதச் சந்தேகத்தில் ஒருவரை வழக்கு நடத்தாமல் வருடக்கணக்கில் அடைத்து வைத்திருக்கிறார்கள் என்று செய்தி வந்தால் போதும், வாதம் இரண்டாகப் பிரிந்துவிடும். "சர்வதேசச் சட்டப்படி இது அப்பட்டமான குற்றம்" என்பார்கள் சிலர். "குண்டு வைக்கிறவனுக்கு என்ன சட்டம் வேண்டிக்கிடக்கிறது" என்பார்கள் மற்றவர்கள். இரண்டுமே சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்ட பேச்சு.

முதல் தரப்பின் தவறுதான் அதிகம் தடுக்கி விழவைக்கிறது. வழக்கு இல்லாத காவல் என்றாலே சட்டவிரோதம் என்று எந்தப் பொது விதியும் இல்லை. குடிமை, அரசியல் உரிமைகளுக்கான ஐ.நா. உடன்படிக்கையின் 9-ஆவது பிரிவு தடுப்பது தான்தோன்றித்தனமான காவலை, அதாவது தக்க காரணமோ முறையோ இல்லாத காவலை. போர்க்கைதியைப் போர் முடியும்வரை வழக்கே இல்லாமல் வைத்திருக்க 1949-இன் மூன்றாம் ஜெனீவா உடன்படிக்கை அனுமதிக்கிறது. நான்காம் உடன்படிக்கையின்படி, பாதுகாப்புக் காரணம் கட்டாயமானால் போரில் ஈடுபடாத பொதுமக்களைக்கூடத் தடுத்து வைக்கலாம். ஆனால் அவ்வப்போது மறுஆய்வு செய்ய வேண்டும். நம் ஊர்க் கதையும் இதுதான். தடுப்புக் காவலை இந்திய அரசமைப்பின் 22-ஆவது பிரிவே ஏற்கிறது. 1979-இல் ஐ.நா. உடன்படிக்கையில் சேரும்போது, 9-ஆவது பிரிவை அந்த 22-க்கு இசைவாகவே நடைமுறைப்படுத்துவோம் என்று இந்தியா எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது.

அதனால் "வழக்கு போடவில்லையே!" என்று மட்டும் வாதாடினால் அரசு வழக்கறிஞர் சிரித்துக்கொண்டே பதில் சொல்லிவிடுவார். எந்தச் சட்டத்தின் கீழ், இந்தக் குறிப்பிட்ட ஆளுக்கு எதிராக என்ன காரணம், அதைச் சரிபார்க்கும் நீதிபதி யார், காவல் எப்போது முடியும் என்று கேளுங்கள். பெரும்பாலான அரசுகள் திணறுவது இங்கேதான்.

அடுத்தது, சட்டமே தொடாத ஆட்கள் உண்டு என்ற நம்பிக்கை. இதைப் பெரிய அளவில் செய்து பார்த்தது அமெரிக்கா. 2002 ஜனவரி 11 அன்று, கியூபாவில் உள்ள அமெரிக்கக் கடற்படைத் தளமான குவாண்டனாமோவுக்கு முதல் கைதிகள் வந்து இறங்கினார்கள். மொத்தத்தில் ஏறத்தாழ 780 பேர் அங்கே அடைக்கப்பட்டார்கள். இவர்கள் போர்க்கைதிகளும் இல்லை, சாதாரணக் குற்றவாளிகளும் இல்லை, அந்த இடம் கியூபா மண், ஆகவே அமெரிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் இல்லை என்றது அரசு. இந்த வாதம் ஒவ்வொரு கட்டமாக உடைந்தது. 2004-இல் ரசூல் வழக்கில், கைதிகளின் ஆட்கொணர்வு மனுவை அமெரிக்க நீதிமன்றங்கள் விசாரிக்கலாம் என்றது அமெரிக்க உச்ச நீதிமன்றம். 2006-இல் ஹம்தான் வழக்கில், ஜெனீவா உடன்படிக்கைகள் நான்குக்கும் பொதுவான, பிடிபட்டவர்களை மனிதத்தன்மையோடு நடத்தச் சொல்லும் 3-ஆவது பிரிவு இவர்களுக்கும் பொருந்தும் என்றது. அதன் பிறகு அமெரிக்க நாடாளுமன்றம் ஆட்கொணர்வு உரிமையைப் பறித்துச் சட்டம் போட, 2008-இல் பூமெதியன் வழக்கில் 5-க்கு 4 என்ற கணக்கில் அந்தப் பகுதி செல்லாது என்று தீர்ப்பு வந்தது.

அந்த வழக்கின் பின்னணியைப் பலர் கவனிப்பதில்லை. பூமெதியனும் மற்ற ஐந்து பேரும் ஆப்கன் போர்க்களத்தில் பிடிபட்டவர்கள் என்று நினைத்துக்கொண்டே பேசுகிறார்கள். அவர்கள் போஸ்னியாவில் வாழ்ந்த அல்ஜீரியர்கள். ஆதாரம் இல்லை என்று போஸ்னிய நீதிமன்றம் விடுவிக்கச் சொன்ன பிறகு அமெரிக்காவிடம் ஒப்படைக்கப்பட்டவர்கள். ஒரு நாட்டில் வாங்கிய விடுதலைத் தீர்ப்பு எப்படிக் காகிதமாகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது.

"அவசரநிலை அறிவித்துவிட்டால் எல்லாம் போச்சு" என்பதும் தவறுதான். நாட்டின் உயிருக்கே ஆபத்து என்னும் நிலையில் சில உரிமைகளை நிறுத்திவைக்கலாம் என்பது உண்மை. 1957-இல் ஐரிஷ் அரசு லாலெஸ் என்பவரை ஐந்து மாதம் வழக்கில்லாமல் வைத்திருந்ததை ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம் 1961-இல் ஏற்றுக்கொண்டது. ஆனால் அதே நீதிமன்றம் 1996-இல் துருக்கியின் அக்சாய் வழக்கில், அவசரநிலை இருந்தாலும் நீதிபதி முன் நிறுத்தாமல் 14 நாள் வைத்திருந்தது அதிகம் என்றது. பிரிட்டன் கதை இன்னும் சுவையானது. 2001 சட்டப்படி, நாடு கடத்த முடியாத வெளிநாட்டுச் சந்தேக நபர்களைக் காலவரையின்றிப் பெல்மார்ஷ் போன்ற சிறைகளில் வைத்தார்கள். 2004 டிசம்பரில், அன்று பிரிட்டனின் உச்ச நீதிமன்றமாக இருந்த பிரபுக்கள் சபையின் நீதிபதிகள் ஒன்பது பேரில் எட்டுப் பேர் அது தவறு என்றார்கள். ஆபத்து உண்மை என்றால், அதே ஆபத்தைத் தரும் பிரிட்டிஷ் குடிமகனை ஏன் வெளியே விட்டீர்கள்? அரசிடம் இதற்குப் பதில் இல்லை. ஆனாலும் தீர்ப்பன்று கதவு திறக்கவில்லை. சட்டம் உரிமைக்கு முரண் என்று அறிவிக்கத்தான் அந்த நீதிமன்றத்தால் முடிந்தது. அடுத்த ஆண்டு அரசு வேறு சட்டம் கொண்டுவந்து, வீட்டோடு முடக்கும் கட்டுப்பாட்டு உத்தரவுகளுக்கு மாறியது.

தமிழில் எழுதுபவர்கள் செய்யும் தனித் தவறு ஒன்று உண்டு. தடுப்புக் காவலையும் விசாரணைக் கைதியாக நீளும் சிறைவாசத்தையும் ஒன்றாக்கிவிடுவது. இந்தியாவின் உபா (சட்டவிரோதச் செயல்கள் தடுப்பு) சட்டத்தில் குற்றப்பத்திரிகைக்கு 180 நாள் வரை அவகாசம் உண்டு, ஜாமீன் குதிரைக்கொம்பு. ஆனால் அங்கே வழக்கு என்று ஒன்று இருக்கிறது. நீதிமன்றம்தான் காவலை நீட்டிக்கிறது. இலங்கையின் 1979 பயங்கரவாதத் தடைச் சட்டத்திலோ அமைச்சரின் உத்தரவே போதும். அதை மும்மூன்று மாதமாக 18 மாதம் வரை நீட்டிக்க முடிந்தது. 2022 திருத்தம் அதை 12 மாதமாக்கியது. முன்னதில் தாமதத்தைக் கேள்வி கேட்க வேண்டும், பின்னதில் அதிகாரத்தையே.

வளர்ந்த ஜனநாயகத்தில் இதெல்லாம் நடக்காது என்றும் நினைக்க வேண்டாம். அகதிகள் என்று ஏற்கப்பட்டும், உளவுத்துறை கொடுத்த பாதகமான அறிக்கையை வைத்து ஆஸ்திரேலியா பலரைக் காலவரையின்றி அடைத்து வைத்தது. காரணம் அவர்களுக்கே சொல்லப்படவில்லை. 2013-இல், மேலே சொன்ன ஐ.நா. உடன்படிக்கையைக் கண்காணிக்கும் மனித உரிமைக் குழு அதை அந்த உடன்படிக்கையின் மீறல் என்றது. அந்த மனுதாரர்களில் பெரும்பாலோர் இலங்கைத் தமிழர்கள்.

"சரி, ஐ.நா. நீதிமன்றத்துக்குப் போகலாமே" என்பார்கள். ஹேக்கில் உள்ள சர்வதேச நீதிமன்றம் நாடுகளின் வழக்கை மட்டுமே எடுக்கும். மனித உரிமைக் குழுவிடம் தனிநபர் முறையிட, அந்த நாடு விருப்ப நெறிமுறை எனப்படும், உடன்படிக்கையின் துணை ஒப்பந்தத்தில் சேர்ந்திருக்க வேண்டும். இந்தியா சேரவில்லை. இலங்கை 1997-இல் சேர்ந்தது. ஆனால் அப்படிச் சேர்ந்ததே அரசமைப்புக்கு முரண் என்று 2006-இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. மிஞ்சுவது, 1991-இல் அமைந்த ஐ.நா.வின் தான்தோன்றித்தனக் காவல் பற்றிய பணிக்குழு. எந்த நாட்டுக் கைதிக்காகவும் குடும்பத்தினர் எழுதலாம், உள்நாட்டு வழக்குகள் முடியும்வரை காத்திருக்கத் தேவையில்லை. அதன் கருத்து அரசைக் கட்டாயப்படுத்தாது. ஆனால் உள்நாட்டில் மனு போடும்போது இணைத்துக்கொடுக்க ஓர் ஆவணம் கையில் இருக்கும்.